சைக்கிளை விட்டு இறங்கிய காலம்



பொழுது விடிவதற்கு முன் நம் தோட்டத்துச் செம்மண் பாதையை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போகிறார்கள். சிலர் நடந்து போகிறார்கள்; தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் வாளி. சிலர் சைக்கிளில் போகிறார்கள். பாதையோ ஒன்றுதான். ஒரு பக்கம் வடிகால், மறுபக்கம் மேடு. பின்னால் வருகிற சைக்கிளுக்கு நடப்பவர் ஒதுங்க வேண்டுமா? நடப்பவருக்காகச் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைக்க வேண்டுமா? சின்னக் கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்காக மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் வேலைநிறுத்தமே செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

அந்தக் கதைக்கு வருமுன் சைக்கிளின் கதையைச் சிறிது பார்ப்போம்.

1817ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை கிடையாது. காலால் தரையை உந்தி உந்தித்தான் போக வேண்டும். குதிரை வண்டிகள் உழுது போட்ட சாலையில் அது ஓடவில்லை. ஆகவே ஓட்டியவர்கள் நடைபாதையில் ஏறிவிட்டார்கள்! நடந்து போனவர்கள் முறையிட, அதே ஆண்டிலேயே மன்ஹைமில் நடைபாதையில் அதை ஓட்டத் தடை வந்தது. ஆக, சைக்கிளுக்கு எத்தனை வயதோ, சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் இடையிலான வழக்குக்கும் அத்தனை வயது.

அடுத்து 1888ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓராண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. டன்லப் என்னும் மிருக வைத்தியர், காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று அவர் செய்து பார்த்த வேலை அது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. சைக்கிளும் ஒரு வண்டியே, சாலையில் போக அதற்கு உரிமை உண்டு, ஆனால் நடந்து செல்பவரைக் கடக்கும் முன் மணியடித்தோ வேறு வகையில் ஒலியெழுப்பியோ எச்சரிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இரும்புப் பட்டை போட்ட பழைய சக்கரம் கடகடவென்று தானே சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. ரப்பர் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. சக்கரம் ஊமையானதால் மணி பேச வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரியம் நமக்கு மிக அருகில் நடந்தது. ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரம் பட்டுப்போகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டு சொன்னவர் இவர்தான். முதலில் சைக்கிள் டயர், பிறகு மோட்டார் கார் டயர் என்று உலகம் ரப்பர் கேட்டது. காடு அழிந்து தோட்டமானது. 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று வழிநெடுகத் தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் வந்து இறங்கினார்கள். டயருக்குப் பால் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் நெடுங்காலம் அவர்கள் நடந்துதான் போனார்கள். சைக்கிள் கிராணிக்கும் கண்டக்டருக்கும் உரிய பொருளாக இருந்தது.

நாளாவட்டத்தில் தொழிலாளியும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சைக்கிள் வாங்கினான். அப்போதுதான் ஒரு வழக்கம் உறுத்த ஆரம்பித்தது. எதிரே வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். பாதை அகலமாக இருந்தாலும் சரி, துரை தூரத்தில் வந்தாலும் சரி. இடம் போதாமல் இறங்குவது வேறு. இது, நீ யார் என்பதை உனக்கு நினைவுபடுத்துவதற்காக இறக்குவது.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தர்களை நீக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, நோய்க்கு நல்ல வைத்தியம் வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இந்த வரிசையிலேதான் இன்னொன்றும் இருந்தது: உத்தியோகஸ்தர்களுக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்!

கூலி உயர்வு கேட்ட அதே பட்டியலில் சைக்கிள் எப்படி வந்தது என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கூலி மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வருவது. இறங்கி நிற்கும் தலைகுனிவோ அன்றாடம் வருவது, அதுவும் மனைவி மக்கள் பார்க்க.

அந்தப் போராட்டம் நல்லபடி முடியவில்லை. மே மாதத்தில் நாதன் கைதாகி, பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கொதித்தெழுந்த தொழிலாளர்களை அடக்கத் துருப்புகள் வந்தன. சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

எட்டு மாதம் கழியுமுன் சைக்கிள் வேறு உருவத்தில் வந்தது. 1942 ஜனவரி 14ஆம் நாள் மாலை, ஜொகூர் எல்லையை ஒட்டிய கெமாஸுக்கு அருகில் கெமென்சே ஆற்றுப் பாலத்தில் ஜப்பானியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் சைக்கிளில் வந்தார்கள். மறைந்திருந்த ஆஸ்திரேலியப் படையினர் ஒரு பகுதியைப் போகவிட்டுப் பாலத்தைத் தகர்த்தார்கள். ஆனாலும் படையெடுப்பு நிற்கவில்லை; ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் கைமாறிவிட்டது. ஜப்பானியருடைய சைக்கிள்களில் பல, ஊர் மக்களிடம் பறித்தவை. வெயிலில் டயர் வெடித்தால் வெறும் இரும்புச் சக்கரத்திலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்தக் கடகடப்பைக் கேட்டு, டாங்கிகள் வருகின்றன என்று எதிர்த்தரப்பினர் கலங்கியதுண்டு. துரைமார் போனார்கள், இறங்கும் வழக்கம் போகவில்லை. இப்போது ஜப்பானியக் காவலாளிக்கு முன்னால் இறங்கி, குனிந்து வணங்கிவிட்டுப் போக வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை விழும்.

போர் முடிந்து, சங்கங்கள் வலுப்பெற்று, நாடும் 1957இல் சுதந்திரம் அடைந்தது. லயத்து வாசல்தோறும் சைக்கிள் சாய்ந்து நின்ற காலத்தில் நான் சிறுவன். ஒருநாள் என் தாயார் பால் நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். பின்னால் புதுச் சைக்கிளில் வந்தவன் துரையுமல்ல, கிராணியுமல்ல. எங்கள் அடுத்த வீட்டுப் பையன். மழை பெய்த மண்ணில் சக்கரச் சத்தமே கேட்கவில்லை. அவன் உரசிக்கொண்டு போனதில் காண்டா சுழன்று ஒரு வாளி கவிழ்ந்தது. பாதை முழுக்க வெள்ளை. அன்றைய பாதி உழைப்பு மண்ணோடு போயிற்று.

"ஏன்டா, வண்டி வாங்கினவனுக்கு மணி வாங்கக் காசில்லையா?" என்றார் அம்மா.

அவன், "தெரியாம நடந்துபோச்சு அத்தை" என்று நடுங்கினான். பின்பு மூன்று நாள் அம்மாவின் வாளிகளையும் தன் சைக்கிளில் கட்டி ஸ்டோரில் சேர்த்தான். கொட்டிய பால் வரவில்லைதான். ஆனால் நான்காம் நாள் அவன் சைக்கிளில் மணி இருந்தது. அந்த வளைவு வந்தால் இறங்கி, தள்ளிக்கொண்டே போவான். யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை.

இன்று பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. சைக்கிள் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. நம் பிள்ளைகளில் பலர் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே 2018 மே முதல் நடப்பிலுள்ள சட்டம் நடைபாதையில் சைக்கிளை அனுமதித்தது, முன்னுரிமை நடப்பவருக்கு. வேகம் முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர்; 2019 பிப்ரவரியில் அது 10 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு மின்ஸ்கூட்டர் மோதி மூதாட்டி ஒருவர் இறந்தபின், நவம்பரில் அந்த வாகனத்துக்கு நடைபாதையில் தடை வந்தது. 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை உள்ள சில இடங்களில் நடைபாதை நடப்பவருக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிட்டார்கள். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் தரையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஓட்டட்டும். கூட்டமான இடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையேல் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை.