பூண்டியில் ஒரு கொள்ளை

தமிழில் அமெச்சூர் நாடகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் 1891-ல் ஆரம்பிக்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய வருஷம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறியதால் நாடகத்துக்குக் கௌரவம் வந்தது என்பது வழக்கமான வாசகம். கௌரவத்தைத் தேடாத ஓர் அமெச்சூர் மேடை திருப்பூர்-அவிநாசி சாலையில் இருக்கிறது. திருமுருகன்பூண்டிக் கோயிலின் மாசித் திருவிழாவில் நடக்கும் வேடுபறியைச் சொல்கிறேன்.

கதை தெரிந்ததுதான். சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு சுந்தரர் வருகிறார். சிவனுடைய பூதகணங்கள் வேடர்களாக வந்து பறித்துக்கொள்கின்றன. அவர் கோயிலுக்குள் போய் ஏசிப் பாடுகிறார், பொருள் திரும்புகிறது. போதாததற்கு, களவுப் பொருள் இருக்கும் இடத்தைக் கூப்பிட்டுச் சொன்னதாகப் பக்கத்தில் ஒரு கூப்பிடு பிள்ளையார். அப்பன் திருட, பிள்ளை துப்புக் கொடுக்கிறான். மொஸார்ட்டுக்குக் கதை எழுதித் தந்தவர்கள்கூட இதை விட்டிருக்க மாட்டார்கள். பாட்டு, வேஷம், சண்டை, சமாதானம் எல்லாம் இருக்கின்றன. கூத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் இதை நடத்துகிறார்கள்.

ஆனால் இது சேக்கிழாரின் கதை, பன்னிரண்டாம் நூற்றாண்டு. அவருக்கு நாலு நூற்றாண்டு முந்திய சுந்தரர் பதிகத்தை (ஏழாம் திருமுறை, 49; பண் பழம்பஞ்சுரம்) தனியே படித்தால் சேரன் இல்லை, பொன் இல்லை, பூதங்கள் இல்லை, திரும்பக் கிடைத்த செய்தியும் இல்லை. வடுக வேடர்கள் இருக்கிறார்கள். வில்லைக் காட்டி மிரட்டுகிறார்கள், கல்லால் அடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள். வழிப்போக்கரிடம் அவர்கள் பறிப்பது கூறை, அதாவது உடுத்திய துணி. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூரில் ராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு இருக்கிறது. அப்படிப்பட்ட பெருவழிகள் ஓடிய கொங்கில் இந்த வேடர்கள் கற்பனையாக இருந்திருக்க முடியாது.

சுந்தரரின் கேலி இந்த நிஜத்தின் மேல் நின்று பேசுகிறது. நீர் நொண்டியும் அல்ல, ஏறிப்போக எருதும் இருக்கிறது, பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு இந்தக் கள்ளர் ஊரில் எதற்காக உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்கிறார். சிரிப்பு வருகிறது. துணி பறிகொடுத்தவன் கேட்கிற கேள்வியும் அதுவே. பதிகம் முடியும்வரை கடவுள் பதில் சொல்வதில்லை.

சேக்கிழார் பதில் சொல்லிவிட்டார். பறித்தவர்கள் நம்மவர்களே, வேஷம்தான் வேறு என்றார். அந்த நிமிஷத்தில் குற்றவாளியும் இல்லை, நஷ்டப்பட்டவனும் இல்லை. இன்பியல் பிறந்தது, வடுகர் மறைந்தார்கள். நாடகத்துக்கு இது லாபம் என்பதை மறுக்கவில்லை. பூதங்கள் வராவிட்டால் மேடையேற்ற என்ன இருக்கிறது? எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கதை சேக்கிழாருடையது, பாட்டு சுந்தரருடையது, இரண்டும் ஒட்டவில்லை. பொருள் திரும்பிய பிறகும் பாட்டின் கோபம் தணியாமல் மிஞ்சுகிறது. இத்தனை காலமும் வேடுபறி வெறும் சடங்காகச் சுருங்காமல் இருப்பதற்கு இந்த ஒட்டாமையே காரணம் என்பேன்.

பதிகத்தை நம்பினால் பூண்டியில் பறிபோக வேண்டியது துணி. உலகத்துக்கெல்லாம் பனியன் தைத்து அனுப்புகிற ஊருக்குப் பக்கத்திலேயே அது இன்னும் பொன்மூட்டையாகத்தான் இருக்கிறது.