காஞ்சிபுரத்தில் வீட்டு விலையும் நெசவாளர் வருவாயும்

வீட்டு விலை–வருவாய் விகிதம் என்பது, ஓர் ஊரில் ஒரு வீட்டின் விலை அவ்வூர்க் குடும்பம் ஒன்றின் எத்தனை ஆண்டு வருவாய்க்குச் சமம் என்பதைக் காட்டும் எண் ஆகும். ஆண்டுக்கு 4 இலட்சம் ரூபாய் ஈட்டும் குடும்பம் 20 இலட்சம் ரூபாய் வீட்டை வாங்க முயன்றால் விகிதம் 5. விகிதம் உயர உயர, சொந்த வீடு எட்டாப் பொருளாகிறது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திலும், முசரவாக்கம் உள்ளிட்ட அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இவ்விகிதத்துக்குத் தனிப் பொருள் உண்டு. நெசவாளருக்கு வீடே தொழிற்கூடமும் ஆகும்.

விகிதத்தின் வரலாறு

வீட்டு விலையை வருவாயோடு ஒப்பிடும் வழக்கம் பழையது. ஆயினும், நாடுகளை ஒப்பிடும் அளவுகோலாக அது பரவியது 1990களில்தான். உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் வாழிட அமைப்பும் சேர்ந்து தொடங்கிய வீட்டுவசதிக் குறியீட்டுத் திட்டத்தில் இது முதன்மைக் குறியீடுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. விகிதம் 3 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வீடு கைக்கெட்டும் விலையில் உள்ளது என்பது பன்னாட்டு ஆய்வுகளில் பரவலாக வழங்கும் கணக்கு. இங்கிலாந்தில் 1997இல் ஏறத்தாழ 3.5 ஆக இருந்த இவ்விகிதம் 2021இல் 9ஐ ஒட்டி உயர்ந்தது.

இந்தியாவில் இந்திய ரிசர்வ் வங்கி 13 நகரங்களில் வழங்கப்பட்ட வீட்டுக் கடன்களை ஆராய்ந்து, 2019 சூலையில் முடிவுகளை வெளியிட்டது. அதில் வீட்டின் விலை மாத வருவாயோடு ஒப்பிடப்பட்டது. 2015 மார்ச்சில் 56.1 மாத வருவாய்க்குச் சமமாக இருந்த விலை, 2019 மார்ச்சில் 61.5 மாதமாகக் கூடியது. அதாவது ஐந்தாண்டு வருவாய்க்குச் சற்று மேல். சென்னையும் இந்நகரங்களுள் ஒன்று. இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடன் பெற்றவர்களின் வருவாயே இதில் சேரும். கடன் கிடைக்காதவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

தறியும் வீடும்

காஞ்சியில் நெசவும் குடியிருப்பும் நெடுங்காலமாகப் பிணைந்தவை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு, கச்சிப்பேட்டின் நெசவாளர் குடியிருப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஊரகத்துத் திருமால் கோயிலின் நிருவாகத்தில் அவர்களுக்குப் பொறுப்பு அளித்ததையும் கூறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் தறி இறை என்னும் வரியும் காணப்படுகிறது. ஒரு வீட்டின் வளத்தை அங்குள்ள தறியைக் கொண்டு அரசு அளந்தது என்பது இதனால் விளங்கும்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளின் வீட்டமைப்பைத் தொழிலே வகுத்தது. குழித்தறிக்குத் தரையில் பள்ளம் தோண்ட வேண்டும். எனவே தரைத்தளம் தேவை. தறியின் மேல் ஜக்கார்டு பொருத்தக் கூரை உயரமாக இருக்க வேண்டும். பாவு நீட்ட நீண்ட தெரு வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்குத் துணையாள் ஒருவரும் தேவை. பெரும்பாலும் அவர் வீட்டாரே. ஆகவே, அடுக்குமாடியின் மேல்தளத்தில் மலிவாக ஒரு வீடு கிடைத்தாலும் நெசவாளருக்கு அது முழுப் பயன் தருவதில்லை.

தறி போட இடமில்லாதவர் பிறருடைய தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்கிறார். வீட்டு விலை உயரும்போது, நெசவாளர் வீட்டை மட்டுமன்றித் தம் தொழில் உரிமையையும் இழக்க நேர்கிறது.

நிலமதிப்பு உயர்ந்த விதம்

1990களின் பிற்பகுதியிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தின் நிலச்சந்தை மாறியது. திருப்பெரும்புதூரை அடுத்து ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடம் வாகனத் தொழில் மையமாக வளர்ந்தது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையானது. 2021இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 ஆகத்தில் சென்னையின் இரண்டாவது வானூர்தி நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் மக்கள் நிலம் தர மறுத்துப் போராடத் தொடங்கினர். இவ்வாறு, நிலத்தின் விலையை முடிவு செய்வது உள்ளூர் நெசவுக் கூலி அல்ல, வெளியிலிருந்து வரும் முதலீடும் எதிர்பார்ப்பும் என்ற நிலை உருவானது.

பதிவு முறையும் சிக்கலைக் கூட்டியது. தமிழக அரசு 2017 சூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்பியது. கட்டணம் 2 விழுக்காடானது. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இடையே உள்ள தொகை கணக்கில் வராமல் கைமாறும்போது, அதற்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. கையில் ரொக்கம் இல்லாதவரே அதனால் பின்தங்குகிறார்.

வருவாய்ப் பக்கம்

2009–10ஆம் ஆண்டு மூன்றாம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, கைத்தறிக் குடும்பத்தின் சராசரி ஆண்டு வருவாய் 36,498 ரூபாய். 2019–20ஆம் ஆண்டு நான்காம் கணக்கெடுப்பில், மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு எனத் தெரியவந்தது. இவை நாடு முழுவதற்கும் எல்லா வகை நெசவுக்கும் பொதுவான எண்கள். பட்டு நெசவை மட்டும் குறிப்பவை அல்ல. எனினும் இடைவெளியின் அளவை உணர இவை போதும்.

மாதம் 5,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கு ரிசர்வ் வங்கியின் 61.5 மாதக் கணக்கைப் பொருத்தினால், அது வாங்கத்தக்க வீட்டின் விலை 3,07,500 ரூபாய். 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீடு கட்ட மட்டும் 3.5 இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. மனை பயனாளியுடையதாக இருக்க வேண்டும். ஆகவே, அக்கணக்குப்படி மனை இன்றிக்கூட ஒரு சிறு வீடு நெசவாளருக்கு எட்டாது. 20 இலட்சம் ரூபாய் வீடு எனக் கொண்டால் விகிதம் 33ஐத் தாண்டும். சம்பளச் சீட்டு இல்லாத கூலி வருவாய் என்பதால் கடன் பெறுவதும் கடினம்.

புவிசார் குறியீடும் ஊரும்

காஞ்சிபுரம் பட்டு 2005–06இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்குறியீடு சேலையின் பெயரை ஊரோடு பிணைக்கிறது. நெய்பவருக்கு அவ்வூரில் இருக்க இடம் தருவதில்லை. அறிஞர் அண்ணா பட்டுக் கூட்டுறவுச் சங்கம் போன்ற அமைப்புகள் கூலிக்கும் விற்பனைக்கும் ஓரளவு பாதுகாப்பு அளித்தன. நிலவிலை அவற்றின் கைக்கு அப்பாற்பட்டது. நெசவாளர் குடியிருப்புக்கு வீட்டோடு தறிமேடையும் தரைத்தளமும் சேர்த்துத் திட்டமிடப்படாவிட்டால், காஞ்சிப் பட்டின் பெயர் நிலைக்கும். அதை நெய்யும் தெருக்கள் குறையும்.