கோட்டுக்கு வெளியே நிற்பவர்

லோயர் கேம்ப்பில் வளர்ந்தவளுக்கு உயரம் என்றால் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள்தான். பெரியாற்றுத் தண்ணீர் அதில் விழுந்து, பவர்ஹவுஸில் கரண்ட்டாகி, பிறகு வயலுக்குப் போகும். உயரமான மனிதர்களை நான் முதலில் பார்த்தது பெரியகுளத்தில். அங்கே மே மாதம் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு மாமா கூட்டிப்போனார். கம்பத்தில் ஒரு பஸ், தேனியில் ஒரு பஸ் என்று மாறிப் போய்ச் சேர்ந்தோம். ராத்திரி, விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ராணுவம், கேரள மின்வாரியம் என்று எல்லாமே அலுவலகங்களின் பெயரில் இறங்கும் அணிகள்.

“நம்ம கரண்ட் ஆபீஸ்ல ஆளு எடுத்தா போஸ்ட் ஏற எடுப்பாங்க. அவங்க பந்து போட எடுத்திருக்காங்க பாருத்தா” என்றார் மாமா.

“பொம்பளப் பிள்ளைங்க டீம் இல்லையா மாமா?”

“அது வேற ஊர்ல நடக்கும்” என்று சொல்லிவிட்டுக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்த வேற ஊர் எது என்று பல வருஷம் கழித்துத்தான் தேடினேன். தேடும்போது கிடைத்த பெயர் அனிதா பால்துரை. 1985-இல் சென்னையில் பிறந்தவர். தடகளம், வாலிபால் என்று சுற்றிவிட்டு, பதினோரு வயதுவாக்கில் கூடைப்பந்துக்கு வந்தார். பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குக் கேப்டன். அந்த வயதில் நம்மில் பலர் அரியர் பேப்பர் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். 2000-களின் தொடக்கத்திலிருந்து 2017 வரை, ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்புகளில் ஆடினார். தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கம். 2013-இல் தோஹாவில், மூவர் ஆடும் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த வாரம் நம் ஊர்ப் பத்திரிகைகளில் எது கொட்டை எழுத்தில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆட்டம் இங்கே வந்த கதையும் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டுபிடித்தார். அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டு வந்த பி.டி. மாஸ்டர்கள் விசிலோடு ஊர் ஊராகப் போனார்கள். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு ரிங் துருப்பிடித்து நிற்கிறது என்றால், அதற்கு இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏறக்குறைய அதே காலத்தில், அதே அமெரிக்கக் கைகள் இந்த ஆட்டத்தைப் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுபோயின. அங்கே 1910-வாக்கில் அது பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் ஆட்டமாகத்தான் நுழைந்தது. பிறகு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், அதுவே தேசத்தின் ஆட்டமானது. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் கூடைப்பந்துத் தங்கம் பிலிப்பைன்ஸுக்கு. அந்த அணியில் கார்லோஸ் லொய்சாகா என்ற இருபது வயதுப் பையன் இருந்தான். அடுத்து மணிலா, டோக்கியோ, ஜகார்த்தா என்று மேலும் மூன்று தங்கம். 1954-இல் ரியோ உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் மூன்றாமிடம், உலகின் சிறந்த ஐவரில் ஒருவராக லொய்சாகா. ஆடி முடித்ததும் பயிற்சியாளரானார். 1967-இல் அவர் பயிற்சியில் பிலிப்பைன்ஸ் ஆசிய சாம்பியன். மறு வருஷம் மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

1975-இல் அந்த நாட்டில் ஆசியாவின் முதல் தொழில்முறை லீக் தொடங்கியது. அதன்பின் ஆட்டக்காரர் பயிற்சியாளராவது அங்கே ஒரு போட்ட பாதை. கால் ஓய்ந்தாலும் பிழைப்பு ஓயாது. சிலர் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார்கள். கினெப்ரா அணியின் ராபர்ட் ஜாவோர்ஸ்கி ஐம்பது வயதைத் தாண்டியும் ஜெர்சி போட்டு இறங்கியவர், பிறகு செனட்டராகவே ஆகிவிட்டார்!

நம் பக்கம் பாதை வேறு. 1975-இல் இந்திய ஆண்கள் ஆசிய சாம்பியன்ஷிப்பில் நான்காமிடம் வந்தார்கள், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். அதோடு நின்றது. லீக் இல்லாத நாட்டில் ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது ரயில்வேயும் வங்கியும் மின்வாரியமும். அனிதாவும் தெற்கு ரயில்வே ஊழியர்தான். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்ற ஒன்று இல்லையென்றால் நடுத்தர வீட்டுப் பெண் இருபத்திரண்டு வயதுக்கு மேல் பந்தைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஏற்பாடு வேலையைக் கொடுக்கிறது, ஆட்டத்தில் கற்ற அறிவை என்ன செய்வது என்று சொல்வதில்லை. பதினேழு வருஷம் கோர்ட்டில் சேர்த்த கண்ணும் கணக்கும் ஒரு மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. தேசிய அணிக்கோ பயிற்சியாளர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். 2011-இல் அமெரிக்கர்களான கென்னி நாட், பீட் காடெட். 2017-இல் செர்பியாவின் ஸோரன் விசிச்.

அனிதாவின் 2017-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. தாயான பிறகு மறுபடி உடம்பைத் தேற்றிக்கொண்டு அணிக்குத் திரும்பினார். பிள்ளை பெற்றவள் இனி என்ன ஓடப்போகிறாள் என்ற பேச்சை நம் ஊரில் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலையில் பெங்களூருவில் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டம், எதிரே கஜகஸ்தான். 75-73. இரண்டே புள்ளி. அந்த வெற்றியில்தான் இந்தியப் பெண்கள் முதல் பிரிவுக்கு ஏறினார்கள்.

அதே வருஷம், அதே பெங்களூருவில், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியப் போட்டி. இந்த முறை அனிதா கோட்டுக்கு வெளியே, பயிற்சியாளராக. பெண்கள் இரண்டாம் பிரிவை வென்றார்கள்.

ஆடுகிறவருக்குத் தப்பு செய்தால் உடனே ஓடித் திருத்த ஒரு வழி இருக்கிறது. வெளியே நிற்பவருக்குத் தொண்டையும் ஒரு சின்னப் பலகையும் மட்டும்தான். கண்ணெதிரே பதினைந்து வயதுப் பெண் பந்தைத் தவறான கைக்குக் கொடுப்பாள், தன் கால்கள் தானாக ஓடப் பார்க்கும், ஓட முடியாது. ஆட்டக்காரராக இருந்து வந்தவருக்கு இது இரட்டைத் தண்டனை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு? தங்கள் மொழியும் ஹாஸ்டல் சாப்பாடும் மாதவிடாய் நாளின் வலியும் தெரிந்த ஒருவர், சில மாதம் முன்புவரை இதே நாட்டுக்கு ஆடியவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை பட்டப்படிப்பு படித்தாலும் இது வெளியிலிருந்து வருகிறவருக்குக் கிடைக்காது.

2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அர்ஜுனா விருது அதற்கு முன் வந்திருக்கவில்லை. வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“அந்தப் பிள்ளை இப்ப ஆடுதா?”

“இல்ல மாமா, சொல்லிக் குடுக்குறாங்க.”

“அப்ப நம்ம பக்கம் ஒருக்கா வரச் சொல்லு. பெரியகுளத்துல கோர்ட்டு சும்மாதான கெடக்கு, மே மாசம் போக.”