கம்பி இல்லாமல் ஓடிய மின்சார ரயில்

எப்போதாவது டப்ளின் போனால், நகரின் நடுவிலிருந்து பிரே என்ற கடற்கரை ஊருக்குப் போகும் டார்ட் ரயிலில் ஏறிப் பாருங்கள். இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். கில்லைனி வரும்போது கடல் கிட்டத்தட்டக் காலடியில் தெரியும். அந்த ரயிலுக்கு மேலே ஓடும் மின்கம்பி 1984இல் வந்தது. ஆனால் இதே பாதையில் பயணிகளுடன் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1932இல்! கம்பி வருவதற்கு 52 வருடங்களுக்கு முன்பே.

அது எப்படி? தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த ரயிலே சுமந்துகொண்டு போனது.

அந்த ரயில் ஏன் பிறந்தது என்று புரிய வேண்டுமானால், அன்றைய அயர்லாந்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1922இல்தான் அந்தத் தீவின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விலகித் தனி அரசானது. கொடி மாறிவிட்டது. ஆனால் ரயில் எஞ்சினில் போட நிலக்கரி, அதே பிரிட்டனிலிருந்துதான் கப்பலில் வர வேண்டும். சொந்த மண்ணில் நிலக்கரி மிகக் குறைவு. இருந்ததெல்லாம் ஆற்றுத் தண்ணீர். அதனால் ஷானன் ஆற்றின் நீரைக் கொண்டு ஆர்ட்னக்ரஷா என்ற இடத்தில் பெரிய நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டி 1929இல் திறந்தார்கள். இந்தச் சின்ன நாட்டுக்கு இவ்வளவு மின்சாரம் எதற்கு என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள்.

ரயிலை ஓட்டலாமே என்பது ஒரு நல்ல பதில். ஆனால் பாதை முழுவதும் கம்பி கட்டப் பணம் வேண்டும். புதிய நாட்டிடம் அது இல்லை. இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் டிரம் வருகிறார். 1897இல் பிறந்தவர், டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜில் படித்த வேதியியலாளர். ரயிலுக்கு ஏற்ற பேட்டரி ஒன்றைச் செய்ய முடியும் என்று அவர் நம்பினார்.

பேட்டரி அப்போது புதிதல்ல. கார்களில் இன்றும் இருக்கிற ஈய அமில பேட்டரி அன்றே பழையதுதான். ஆனால் அதை அவசரமாகச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ரயில் நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க யாரால் முடியும்? டிரம் நிக்கலையும் துத்தநாகத்தையும் வைத்து ஒரு பேட்டரி செய்தார். அது சீக்கிரம் சார்ஜ் ஏறும். ரயில் கிளம்பும்போது ஒரேயடியாக நிறைய மின்சாரத்தையும் தரும். அரசு பணம் கொடுத்தது. இரண்டு பெட்டிகள் கொண்ட ரயில் தயாரானது. 1931 இறுதியில் வெள்ளோட்டம், 1932 தொடக்கத்தில் பயணிகள் சேவை. டப்ளினின் அமியன்ஸ் தெரு நிலையத்திலிருந்து பிரே வரை சுமார் 21 கிலோமீட்டர். அந்தப் பாதையின் இரண்டு முனையிலும் சார்ஜ் செய்யும் வசதி இருந்தது. புறநகர் ரயில் எங்கே போகும், எப்போது திரும்பும் என்பது முன்பே தெரியும் அல்லவா? பேட்டரிக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் அதில் இருந்தது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்கே அனுப்பும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய 200 டன் ரயில் ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். அந்த வேகத்துக்குள் இருக்கும் ஆற்றல் சுமார் 11 யூனிட் மின்சாரம். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்! புறநகர் ரயிலோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிற்கும். சேமிக்க வழி இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் இத்தனையும் வெறும் சூடாகப் போய்விடும்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரிட்டனிலிருந்து வந்த நிலக்கரி சுருங்கியது. நல்ல நிலக்கரி கிடைப்பதே அரிதானது. நாடெங்கும் நீராவி ரயில் சேவைகள் வெட்டப்பட்டன. டிரம் ரயில்கள் மட்டும் ஆற்று மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருந்தன. 1939இல் மேலும் இரண்டு சேர்ந்திருந்ததால் மொத்தம் நான்கு. சொந்த மண்ணின் ஆற்றல் என்றால் என்ன என்பதை டப்ளின் மக்கள் அந்த வருடங்களில் நேரிலேயே பார்த்தார்கள்.

அப்படியென்றால் 1949இல் அவற்றை ஏன் நிறுத்தினார்கள்? பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. துத்தநாகத்தில் ஒரு தொல்லை உண்டு: சார்ஜ் ஏறும்போது அது கரைசலிலிருந்து திரும்பி வந்து தகட்டில் சீராகப் படியாது. அதனால் இந்த வகை பேட்டரி நீண்ட காலம் உழைப்பது கடினம். நான்கே ரயில்களுக்காகப் புதிய பேட்டரிகள் செய்வது கட்டுப்படியாகவில்லை. டீசல் ரயில்களின் காலமும் வந்துவிட்டது. பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, பெட்டிகளைச் சாதாரண ரயிலோடு சேர்த்து இழுத்தார்கள்.

கதை அங்கே முடிந்தது என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் கம்பி கட்டிய ரயில்களுக்கும் அதே பிரச்சினை இருந்தது. பிரேக்கில் பிறக்கும் மின்சாரத்தைக் கம்பி வழியாக அனுப்பலாம். ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ரயில் கிளம்பினால்தான் அது பயன்படும். பல நகர ரயில் அமைப்புகளில் மீதி மின்சாரம் வெளியே திரும்பிப் போக வழியில்லை. அதனால் பாதையோரத்திலேயே சேமிக்கத் தொடங்கினார்கள். ஜப்பானின் ஸுஷியில் 1988 முதல், மிக வேகமாகச் சுழலும் கனமான சக்கரம் ஒன்று அந்த ஆற்றலைத் தாங்கி வைத்தது. ஃபிலடெல்ஃபியாவில் 2012இல் பெரிய பேட்டரிகள் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோவில் 2014இல் மறுபடியும் சுழலும் சக்கரங்கள்.

டப்ளினும் பழைய யோசனைக்கே திரும்பி வருகிறது. நகருக்கு வடக்கே ட்ரொஹெடா வரை இன்னும் கம்பி போகவில்லை. அந்தப் பாதைக்கென்று 2021இல் அல்ஸ்டோம் நிறுவனத்திடம் பேட்டரி ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். டிரம் 1974இல் காலமாகிவிட்டார். இதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

17 வருடங்கள் மக்களைச் சுமந்த ரயிலைத் ‘தோற்றுப்போன கண்டுபிடிப்பு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசனை சரியாகத்தான் இருந்தது. அதைத் தாங்குகிற பேட்டரி வரத்தான் இத்தனை காலம் ஆனது.

நாளைக்கு உங்கள் ஊர் ரயில் நிலையத்தை நெருங்கி மெதுவாகும்போது, ஒரு நிமிடம் போனிலிருந்து கண்ணை எடுங்கள். இவ்வளவு நேரம் இருந்த அந்த வேகம் இப்போது எங்கே போகிறது? உங்கள் ஊரில் அதை யாராவது சேமிக்கிறார்களா? தேடிப் பார்த்து எனக்கும் எழுதுங்கள்.