கோல சிலாங்கூரில் நடந்து படிக்க வேண்டிய பாதைகள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம், பிள்ளைகளை ஒருநாள் எங்கே அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் கேட்பதுண்டு. கோல சிலாங்கூர் என்று சொன்னால் முகம் சற்றே வாடும். "குரங்கும் பார்த்தாயிற்று, மின்மினியும் பார்த்தாயிற்று, மீனும் சாப்பிட்டாயிற்று" என்பார்கள். வண்டியிலேயே போய் வண்டியிலேயே திரும்புவோர்க்கு அவ்வூர் அவ்வளவுதான். காலால் நடப்போர்க்கு அது வேறோர் ஊர். அங்குள்ள பாதைகளைப் பற்றியும், அவற்றில் நம் முன்னோர் நடந்த விதத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெலாவாத்தி குன்று. ஆறு கடலில் கலக்குமிடத்தைக் காவல் காக்கும் சிறு குன்று அது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிலாங்கூர் அரசின் கோட்டை அங்கிருந்தது. 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்டார். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அக்குன்றிலேயே அடக்கமாகியுள்ளனர். கலங்கரை விளக்கம் 1907இல் எழுந்தது. பெருங்குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் மேலே ஏறினால், மாணவர்கள் பீரங்கியின்மேல் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். சற்று நேரம் கடற்புறமாக நிற்கச் சொல்லுங்கள். கீழே தெரியும் சதுப்புக் காடுதான் அடுத்த பாடம்.

அக்காட்டின் ஒரு பகுதி 1987ஆம் ஆண்டு முதல் இயற்கைப் பூங்காவாகப் பேணப்படுகிறது. அதில் நடைபாதை ஒன்று உயர்ந்த மண்கரையின்மேல் செல்கிறது. கடல்நீரைத் தடுப்பதற்காகக் கட்டிய கரை அது. கரைக்கு வெளியே உப்புநீரில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள். உள்ளே, கடல்நீர் வராததால், காடே வேறு காடாக மாறிவிட்டது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தாலே போதும், கரையோர நிலத்தின் கதை முழுதும் விளங்கிவிடும். சிலாங்கூரின் கரையோரத் தோட்டங்கள் யாவும் இப்படித்தான் உண்டாயின. கரை கட்டி, கால்வாய் வெட்டி, நீரை வடித்த பின்னரே கன்று நட முடிந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடைகளில், "காட்டை அழித்து நாட்டை உருவாக்கியவன் தமிழன்" என்று ஒரே மூச்சில் முழங்குவது நமக்குப் பழகிவிட்டது. பெருமரங்களைச் சாய்த்தவர்களில் மலாய்க்காரர், சாவகத்தார், சீனர் எல்லாரும் இருந்தனர். நடுதல், களையெடுத்தல், கால்வாய் தூர்வாருதல், பால்மரம் வெட்டுதல் என்று ஆண்டு முழுதும் அந்நிலத்தில் உழைத்தோரில் தமிழரே மிகுதி. வெட்டப்பட்ட காடு மீண்டும் காடாகாமல் காத்தது அவ்வுழைப்புதான். பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் நம் பெருமை குறைந்துவிடாது.

குன்றையும் கடலையும் விட்டு ஆற்றோடு உள்நாட்டுப் பக்கம் போவோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரங்களைத் தாண்டினால், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என்றும், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊர் வரும். 1905இல் மலாயாவுக்கு வந்த ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இப்பகுதியில்தான் தோட்டம் அமைத்தார். பிரான்சின் தென்மேற்கே பார்பெசியு என்னும் சிற்றூரில் 1879இல் பிறந்தவர் அவர். அக்காலத்துத் துரைமார் பலரைப் போலவே மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். ஆற்றையொட்டிய ரந்தாவ் பாஞ்சாங் தோட்டம் அவருடையது. 1911லும் 1912லும் சுமத்திராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து வந்த கன்றுகளைக் கொண்டு, 1917ஆம் ஆண்டில், காப்பிப் பயிர் தேறாத நிலத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றியது. அத்தோட்டத்தின் பெயர் தென்னைமரம்!

மலாய், ஆங்கில ஏடுகளில் "தெனாமாராம்" என்று படித்துப் படித்து நாமே அது தமிழ் என்பதை மறந்துவிட்டோம். செம்பனை ஆப்பிரிக்காவுக்குரிய மரம். 1848இல் சாவகத்துப் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே சுமத்திராவுக்குச் சென்றன. ஆப்பிரிக்க மரம், சுமத்திரா விதை, பிரெஞ்சு முதலாளி, தமிழ்ப் பெயர். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஃபொகோனியே பின்னர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தோட்டமும் அதைச் சூழ்ந்த காடும்தான் கதைக்களம். பழனியாயி என்ற தமிழ்ப் பெண் அதில் வருகிறாள். துரையின் பார்வையில் எழுதப்பட்டதாகையால், பழனியாயி தன் வாயால் தன் கதையைச் சொல்லவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பாதைகள் எல்லார்க்கும் ஒரே பாதைகளாக இருக்கவில்லை. துரையின் பங்களாவுக்குச் செல்லும் செம்மண் சாலை வேறு, பெரட்டுக் களத்திலிருந்து கித்தாக் காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதை வேறு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நிரை பிடித்து நடந்தவர்கள், வெயில் ஏறியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் மறுபடியும் நடந்தார்கள். முந்நூறு, நானூறு மரங்கள் என்றால் எத்தனை காலடிகள் என்று கணக்குப் பாடத்தில் பிள்ளைகளைப் போடச் சொல்லலாம்.

1941ஆம் ஆண்டின் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தை நம் பாடநூல்களில் தேடினால் ஓரிரு வரி கிடைத்தால் உண்டு. அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில், சம ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லைகளை ஒழித்தல் ஆகியவற்றோடு இரண்டு சிறிய கோரிக்கைகளும் இருந்தன. துரைமார், கிராணிமார் எதிர்ப்பட்டாலும் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஒன்று. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை மற்றொன்று. இரண்டுமே பாதை பற்றியவை! தன் வியர்வை சிந்திய சாலையில் மிதிவண்டியை விட்டு இறங்கித் தலைகுனிந்து நின்ற மனிதனுக்கு, ஊதிய உயர்வைப் போலவே அதுவும் பெரிதாய் இருந்திருக்கிறது. தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

அதன்பின் சப்பானியர் ஆட்சி, பலரைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. 1948இல் அவசரகாலம் வந்தது. காட்டோரத்து லயங்கள் பல ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின. ஊரடங்கு இருந்தது. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவும் பல இடங்களில் தடை இருந்தது. கீரை பறிக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குள் போய்வந்த வழிகள் அந்த ஆண்டுகளில்தான் தூர்ந்துபோயின. இன்று எழுபது, எண்பது வயதான நம் பாட்டிமார் காடு என்றதும் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பின்னர் கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, மக்கள் நகர்ந்தனர். தென்னைமரம், துவான் மீ, நைகல் கார்டனர், மேரி, ரிவர்சைட் என்று இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் தோட்டப் பெயர்களையே தாங்கியுள்ளன. பெயர்ப்பலகையில் தோட்டம் இருக்கிறது. அதற்குள்ளிருந்த பாதைகள் எந்த வரைபடத்திலும் இல்லை.

ஃபொகோனியேயின் நாட்டில், சிற்றூர்களைச் சுற்றியுள்ள வனப்பாதைகளில் மரத்தின்மேலும் பாறையின்மேலும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் தீட்டியிருப்பார்கள். 1947ஆம் ஆண்டு முதல் நெடும்பாதைகளுக்கு இவ்வாறு அடையாளமிட்டு வருகின்றனர். உழவரும் ஆயரும் நடந்த பழைய வழிகள் பலவும் அதனால் அழியாமல் நிற்கின்றன. நம்மவர்க்கு வண்ணக் கோடு இல்லை. கோயில் மேடு, பழைய லயம், ஆயாக் கொட்டகை முடுக்கு என்று வாய்மொழிப் பெயர்களே இருந்தன. அப்பெயர்களை அறிந்தவர் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர்.

ஆகவே அடுத்த விடுமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். பயணத்துக்கு முன்னாலேயே தாத்தா, பாட்டியிடம் ஒரு தாளைக் கொடுத்து, லயத்திலிருந்து பள்ளிக்கும் கோயிலுக்கும் ஆற்றுக்கும் போன வழியை வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம். அவர்கள் சொல்லும் பெயர்களை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே பிள்ளைகள் எழுதட்டும். காலையில் வெயில் ஏறுமுன் குன்றில் ஏறி, பின் மண்கரையில் நடந்து, நண்பகலுக்குள் பெஸ்தாரி ஜெயா பக்கம் வந்துவிடலாம். தனியார் தோட்டத்துக்குள் நுழைய முன்னனுமதி தேவை. ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டுப் பக்கம் செல்வதாயின், அதுவும் காப்புக்காடாகையால், வனத்துறையிடம் கேட்டுவிட்டே செல்லுங்கள். வறட்சிக் காலத்தில் அங்கே நிலத்தடியிலேயே நெருப்புப் பிடிப்பதுண்டு. கொசுவுக்கும் அட்டைக்கும் நீண்ட காலுறை நல்லது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால், தாள் வரைந்த தாத்தாவையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.