ஒரு வீடும் ஒரு லென்ஸும்

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. "இருந்தது" என்று எழுத இன்னும் கை வரவில்லை. பாகம் பிரித்து, விலை பேசி, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. வாங்கியவர் இடித்துக் கட்டப் போகிறார். இடிப்பதற்குள் முழு வீட்டையும் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அக்காள் மகன் கேமராவோடு கோரிமேட்டுக்கு வந்தான்.

"மாமா, அகலமாக எடுக்கிற லென்ஸ் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். 16-35 ஜூம் வாங்கட்டுமா? இல்லை, 20 மில்லிமீட்டர் ஃபிக்ஸட் வாங்கட்டுமா?"

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்களுக்கு லென்ஸ் என்றால் "ஒப்ஜெக்திஃப்". அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிற பெயர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். அவர் கதையைச் சொல்லி, "ஃபிக்ஸட்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்த நேரத்தில் வானில் ஒளி ஒன்று நகர்ந்து போனதைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து நம் ஊருக்கு வந்தார். அப்போது இது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. பல ஆண்டுகளாக யாரையும் படம் எடுக்க விடாமல் இருந்த அரவிந்தர், இவருக்கு அனுமதி தந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் மறைந்தார். அவருடைய முதிய வயதின் முகத்தை இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் படங்களில்தான்.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு சிறிய லைக்கா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்தே வேலை செய்தவர். ஃப்ளாஷ் அவருக்குப் பிடிக்காது. படம் பெரிதாக வேண்டுமானால் முன்னே நடப்பார், சிறிதாக வேண்டுமானால் பின்னே நடப்பார். அவருக்குக் கால்தான் ஜூம்.

அதே 1950இல் பிரான்சில் பியேர் ஆன்ஜெனியூ என்பவர் "ரெத்ரோஃபோக்கஸ்" என்ற 35 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு வந்தார். அகன்ற கோண லென்ஸ் பிலிமுக்கு மிக அருகில் உட்கார வேண்டும். லைக்காவில் அதற்குத் தடை இல்லை. ரிஃப்ளெக்ஸ் கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி தூக்கி இறங்குகிறது. லென்ஸ் அருகில் வந்தால் அதில் இடிக்கும். ஆன்ஜெனியூ முன்பக்கத்தில் ஒளியை விரிக்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸைத் தள்ளி உட்கார வைத்தார். ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்குப் பின்னால் வந்த அகன்ற லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். சாதாரணக் கேமராவுக்கு ஜூம் 1959இல் வந்தது. ஃபோக்ட்லேண்டர் கம்பெனியின் 36-82. அகலப் பக்கத்துக்கு ஜூம் வர மேலும் காலம் ஆயிற்று. நிக்கான் 28-45 வந்தது 1975இல்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மருமகன் ஒரு டேப்பை எடுத்தான். "வாங்க மாமா, வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்போம்" என்றான்.

அளந்தோம். தாழ்வாரத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் எதிர்ச்சுவர் எட்டடி தூரம். அந்தத் தூரத்தில் 35 மில்லிமீட்டரில் எட்டடி அகலம்தான் படத்தில் வரும். 20இல் பதினாலு அடி. 16இல் பதினெட்டு. எங்கள் தாழ்வாரத்தின் அந்தப் பக்கம் பதினாறு அடி. கார்த்தியே-பிரெஸ்ஸோனே வந்தாலும் பின்னே நடக்க இடமில்லை. நடந்தால் முற்றத்தில் விழ வேண்டும்.

இன்னொன்றும் யோசித்தேன். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பி வந்தார். அவர் அந்தக் கோயிலில் இருந்தவர்தான் என்பதற்குச் சான்றாக நின்றவை நம் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்து வைத்திருந்த படங்கள். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. இப்போது அதே இடத்தில் அதே தோற்றத்தில் நிற்பது புதிதாகக் கட்டியது. பழைய மேரியைப் பார்க்க வேண்டுமானால் படத்தில்தான் பார்க்க வேண்டும். ஆவணத்துக்கு எடுக்கும் படத்தில் அழகு இரண்டாவது. எதுவும் விடுபடக் கூடாது என்பதே முதல். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு இது தெரியாமல் போகலாமா?

ஜூமையே வாங்கினோம். முக்காலி போட்டு, ரசமட்டம் வைத்து, கேமராவை நேராக நிறுத்தி எடுத்தோம். கொஞ்சம் மேலே தூக்கினாலும் தூண்கள் உள்ளே சாய்ந்துவிடும். 16இல் ஓரத்து உத்தரங்கள் சற்று வளைந்தன. அதை மருமகன் கம்ப்யூட்டரில் நிமிர்த்தினான். திண்ணை, தலைவாசல், முற்றம், மெட்ராஸ் தளம், அடுக்களைப் புகை படிந்த சுவர், எதையும் விடவில்லை.

ஒன்றில்தான் தோற்றோம். சாயங்காலம் அக்கா சாமி அறையில் விளக்கேற்றினாள். அந்த அறையில் பகலிலேயே இருட்டு. ஜூமின் வாய் எஃப் 4 வரைதான் திறக்கும். அந்த ஃபிக்ஸட் லென்ஸ் எஃப் 1.8. ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐ.எஸ்.ஓ.வை இன்னும் ஏற்றினால் படம் மணல் மணலாகிவிடும் என்று, மருமகன் கால் விநாடி வைத்து எடுத்தான். முக்காலியில் கேமரா அசையவில்லை. எண்பத்திரண்டு வயதுக் கை அசைந்தது.

எனவே, கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நகர இடமில்லாத கட்டடத்துக்கு ஜூம். இருட்டில் அசையும் மனிதர்களுக்கு ஃபிக்ஸட். இரண்டில் எது முதலில் போய்விடும் என்று பார்த்து வாங்குங்கள். நாங்கள் வீடு என்று நினைத்தோம். எடுத்த படத்தோடு தேதி, தெரு, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

படங்களை அக்காவிடம் காட்டினோம். கடைசிப் படத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"வீடு நல்லா விழுந்திருக்குடா தம்பி. நான்தான் ஆடிட்டேன்" என்றாள்.

மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நாள், வாடகைக்காவது ஓர் எஃப் 1.8 எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான் மருமகன்.