அயோவா சென்ற தமிழ் எழுத்தாளர்

எங்கள் அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை சென்றது. நெய்தவரைக் காணாமலே அங்குள்ளோர் அதனை உடுத்தினர். ஏட்டில் எழுதிய நூலும் பெரும்பாலும் அவ்வாறே பயணம் செய்கிறது.

படைத்தவரையே வரவழைத்து, சில மாதங்கள் தங்கவைத்து, கவலையின்றி எழுதச் செய்யும் திட்டங்கள் சென்ற நூற்றாண்டில் தோன்றின. மேற்கு பெர்லினில் 1963-இலும், அமெரிக்காவின் அயோவா நகரில் 1967-இலும் அவை தொடங்கின. அயோவாத் திட்டத்தை நிறுவியோர் கவிஞர் பால் எங்கிளும் சீன நாவலாசிரியை ஹுவாலிங் நியேயும் ஆவர்.

அங்கு 1973-இல் சென்றார் அசோகமித்திரன். பல நாட்டு எழுத்தாளரோடு பழகிய அனுபவம் பின்னர் ‘ஒற்றன்’ என்னும் தமிழ் நாவலாயிற்று.

மாணவர்களே, அந்நகரம் அவருக்கு ஓய்வையும் தோழமையையும் அளித்தது. மொழியை அவர் இங்கிருந்தே கொண்டு சென்றார். அயல்நாடு செல்ல விழைவோர் கொண்டுசெல்ல வேண்டிய முதற்பொருள் அதுவே என்பேன்.